காலராக் கிருமியும் மக்கிய எருவும்

காலரா நோயாளியின் மலம் அரிசி கழுவிய நீரைப் போன்றது. அதன் ஒரு மில்லி லிட்டரில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கக்கூடும். நோய்க்குறி ஏதுமின்றி நடமாடுவோரும் சில நாட்கள் கிருமியை வெளியேற்றுகின்றனர். ஆகவே, மனித மலத்தை எருவாக்கி வயலுக்கு அனுப்பலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

கால்நடைச் சாணத்தைக் குறித்து இவ்வச்சம் பெரிதும் வேண்டுவதில்லை. மனிதக் குடலும் கழிமுகங்களின் உவர்நீருமே இக்கிருமியின் முக்கிய இருப்பிடங்கள். சாணக் குவியலில் மனித மலம் கலக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது.

எரு தயாரிப்பில் இந்தியா முன்னோடி நாடு. ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது உருவாக்கிய முறையில் குவியல் பலமுறை புரட்டப்படுகிறது. குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அவ்வெப்பத்தைக் காலராக் கிருமி தாங்காது. ஆனால் ஓரங்கள் குளிர்ந்தே இருக்கும். ஓரத்தில் உள்ளதை நடுவுக்குக் கொண்டுவருவதும் புரட்டுவதன் பயன்களுள் ஒன்றாகும். பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939இல் வகுத்த முறையில் குப்பையும் மலமும் அடுக்கடுக்காகக் குழியில் இடப்பட்டு, மண்ணால் மூடப்பட்டுப் பல மாதங்கள் விடப்படுகின்றன. இதில் புரட்டுவதில்லை, ஈத்தொல்லையும் குறைவு. வெப்பம் செய்யத் தவறியதைக் காலம் செய்ய வேண்டும். அவசரப்பட்டுக் குழியைத் திறப்பது முறையையே குலைப்பதாகும்.

மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடிய வழக்கத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. கிராமங்களில் இன்று இரட்டைக் குழிக் கழிப்பறைகள் பரவியுள்ளன. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். வெப்பப் பகுதிகளில் சேமிப்பை மட்டும் நம்புவதாயின், ஓராண்டுக்கு மேல் விட்டுவைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2006இல் அளித்த வழிகாட்டுதல்.

அதிகாரிகள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. காலராக் கிருமி வலிமையற்றது. வெப்பம், உலர்வு, அமிலம் எதற்கும் எளிதில் மடியும். எருவில் அது இல்லை என்ற சோதனை முடிவு, எரு தூயது என்பதற்குச் சான்றாகாது. நாக்குப்பூச்சி முட்டைகள் அதைவிடப் பன்மடங்கு நீண்ட காலம் உயிருடன் இருக்கும்.

உண்மையான ஆபத்து எருவைக் காட்டிலும் நீரிலேயே உள்ளது. காலராவின் தாயகமெனக் கருதப்படும் வங்காளக் கழிமுகப் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. அங்கு ஆழமாகத் தோண்டிய குழியின் அடி மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். மலம் மக்குவதற்குள் கிருமி கிணற்றையும் குளத்தையும் அடைந்துவிடும். அத்தகைய இடங்களில் குழியைத் தரைமட்டத்திற்கு மேல் உயர்த்திக் கட்டுவதும், நோய் பரவும் நாட்களில் நோயாளியின் மலத்தை எருக்குழியில் சேர்க்காமல் சலவைத்தூள் கலந்து தனியே புதைப்பதும் உள்ளாட்சிப் பணியாளரின் கடமைகளாகும்.