நகை நாடகத்திற்கு நடிகரைத் தேர்தல்

ஊரார் தாமே கூடி நடிக்கும் நாடகங்களில், நடிகரைத் தேரும் நாள் அரங்கேற்ற நாளினும் முதன்மை வாய்ந்தது. அன்று நேர்ந்த பிழையை எத்துணை ஒத்திகை பார்ப்பினும் பின்னர்த் திருத்தல் அரிது. நகை நாடகமாயின் இது இன்னும் பொருந்தும். ஏழைகட்கு அரசினர் அளிக்கும் உதவியைப் பற்றிய குடும்ப நகை நாடகமாயின் சொல்லவேண்டுவதில்லை. அதில் யாரைக் கண்டு அவையோர் நகைப்பர் என்பதை எழுதியவர் பாதியும், நடிகரைத் தேர்பவர் பாதியுமாக முடிவு செய்கின்றனர் என்பது நம் கருத்து.

இவ்வகைக்கு ஆங்கில நாடகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மைக்கேல் கூனி என்பார் எழுதிய ‘கேஷ் ஆன் டெலிவரி’ 1996இல் இலண்டன் ஒயிட்ஹால் அரங்கில் நடிக்கப்பெற்றது. வேலை இழந்த எரிக் சுவான் என்பான், அச்செய்தியை மனைவிக்கு ஒளித்து, தன் வீட்டில் இல்லாத குடிக்கூலிக்காரர் பலர் இருப்பதாக எழுதிக் கொடுத்து, அவர்கள் பேரால் உதவிப்பணம் பெற்று வருகிறான். ஒருநாள் விசாரணை அதிகாரி வந்து கதவைத் தட்டுகிறார். இல்லாதவரை இருப்பவராகக் காட்டவேண்டிய நெருக்கடி பிறக்கிறது. வீட்டில் மெய்யாகவே குடியிருக்கும் நார்மன் என்னும் அப்பாவியும் அதிற் சிக்கிக்கொள்கிறான்.

இதனைச் சென்னிமலையில், தறிக்குழிகளும் போர்வைக் கடைகளும் நிறைந்த அவ்வூரில், கொங்குக் குடும்பக் கதையாக மாற்றி நடிக்க முற்படுவோர் கதைப்பொருள் தேடி அலைய வேண்டா. நம் நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது; 2023 ஆகஸ்டு முதல் திங்கள்தோறும் 1,200 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ‘ஓ.ஏ.பி. பணம்’ என்றே ஊரார் வழங்குவர். எரிக் சுவானின் இல்லாத குடிக்கூலிக்காரர் இங்கே காலஞ்சென்ற அப்பாரு ஆவார். விசாரணை அதிகாரி பெருந்துறை வட்டாட்சியர் அலுவலகத்தினின்று வரும் வருவாய் ஆய்வாளர் ஆவார்.

நிற்க. அவையின் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்போருள், அப்பணத்தைக் கொண்டே அரிசி வாங்கும் கிழவியர் இருப்பர்; நாற்பதாண்டு தறி மிதித்து முழங்கால் ஓய்ந்த முதியோரும் இருப்பர். மேடையில் ஒருவன் முதுகை வளைத்து, இருமி, கை நீட்டுங்கால் இளைஞர் கொல்லென்று சிரிப்பாராயின், மறுநாள் அப்பணம் வாங்கச் செல்லும் கிழவி தலைநிமிர்ந்து செல்வாளோ? நகைக்கத்தக்கது பொய்யும், அப்பொய்க்கு மெய்யென்று முத்திரையிடும் காகிதக் கட்டுமேயன்றி, பசியன்று. ஆகலின், தேர்வுக்கு வந்தவுடனே முதுகை வளைத்துக் காட்டும் இளைஞரை முதலில் விலக்குக. அவரிடம் திறமை இல்லாமலில்லை. அத்திறமை இந்நாடகத்திற்கு ஆகாது.

முன்னாளில் நடிகரைத் தேர்ந்த முறை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய காலத்தில், சிறுவனுக்குக் குரலே மூலதனம். பாட்டு வந்தால் பாத்திரமும் வரும். அச்சபையில் வளர்ந்த தி. க. சண்முகம் சகோதரரே பின்னர் 1944இல் சென்னிமலைக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டினர். பாட்டில்லாத நகை நாடகத்திற்கோ தொண்டையினும் செவி பெரிது. பிறர் பேசுவதைக் கேட்கத் தெரியாதவன் நகைச்சுவை நடிகனாகான்.

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ இதற்குச் சான்று. அதில் ஜமீன்தாரும் வேலைக்காரனும் ஒரே பெயரினர். 1941இல் அது திரைப்படமாக வந்தபோது காளி என். ரத்தினம் வேலைக்காரனாக நடித்தார். அவ்வேலைக்காரன் தன்னை மூடனென்று அறியான். ஏவியதைக் கேட்டபடியே செய்கிறான். நகை தானே பிறக்கிறது. அவன் ஒருமுறை அவையைப் பார்த்துக் கண்சிமிட்டினால் எல்லாம் கெட்டது.

இனிச் சோதனை முறைக்கு வருவோம். வந்தவர்க்கு நீண்ட வசனம் கொடுத்தல் வீண். மனப்பாடத்தையே அது காட்டும். ‘அப்பாரு தூங்கறாருங்க’ என்னும் ஒரே தொடரை ஐந்துமுறை சொல்லச் செய்க. முதலில் வாசலில் நிற்கும் அதிகாரியிடம். அடுத்து, அவர் உள்ளே வந்து கட்டிலருகே அமர்ந்தபின். மூன்றாவது, ஒன்றும் அறியாத மனைவி அடுக்களையினின்று எட்டிப் பார்க்கும்போது. நான்காவது, போர்வைக்குள் அப்பாருவாகக் கிடக்கும் அண்டைவீட்டான் தும்மியபின். ஐந்தாவது, எல்லாரும் போய்விட, தனியே நின்று. கொங்கு நாட்டார் சினத்திலும் ‘ங்க’வை விடார், பொய்யிலும் விடார். அம்மரியாதை விகுதி ஐந்திடத்தும் ஐந்து விதமாக ஒலிக்குமாயின் அவரே கதைத்தலைவர். ஐந்தாவதைச் சொல்லுகையில் இறந்த பெரியவரின் நினைவும் சிறிது கலந்து வருமாயின், நாம் வேறெவரையும் தேடோம்.

தறியோசைக்கிடையே பேசிப் பழகியவர்க்குக் குரல் இயல்பாகவே உரத்தது. கடைசி வரிசைக்கும் எட்டும். இரகசியம் பேசும் காட்சியிலும் அக்குரலே வருமென்பது தனிக் கவலை; நகை நாடகத்தில் அதுவும் சிற்சில வேளை பயன்படும்.

வருவாய் ஆய்வாளர் வேடத்தை முரட்டுக் குரலுடையார்க்குக் கொடுத்தல் வழக்கம். அது தவறு. அவர் நல்லவராக, தாகத்துக்கு நீர் கேட்கும் களைத்த மனிதராக இருந்தாற்றான் அவரிடம் பொய் சொல்வது கடினமாகும். கடினமானாற்றான் நகை விளையும். மனைவி வேடத்திற்கு வருவோரைப் பேசச் செய்யாது, பிறர் வசனம் படிக்குங்கால் அவர் முகத்தை மட்டும் நோக்குக. கணவனிடம் ஏதோ ஒளிவு உண்டென்னும் ஐயம் சொல்லின்றியே அம்முகத்தில் வளர வேண்டும்.

தேர்வை இரவில், தறி ஓய்ந்தபின் வைத்தலே தகும். பகற்கூலியை இழந்து வருவோர் சிலரே. நடுவர் மூவர் அமைக. அவருள் ஒருவர், நாடகப் பழக்கம் இல்லாதவராய், உதவித்தொகை பெறும் முதியவராக இருத்தல் வேண்டும். அவர் சிரித்த இடங்களையும், முகம் சுளித்த இடங்களையும் மற்றை இருவரும் தத்தம் தாளிற் குறித்துக்கொள்க.