மாத்திரையும் மரபும்

இருதய நாளத்தில் வலைக்குழாய் பொருத்தப்பெற்ற நம் முதியோர், குருதி உறையாமைப்பொருட்டுக் குளோபிடோக்ரல் மாத்திரை உட்கொள்ளுதலைக் காண்கின்றோம். கல்லீரலிலுள்ள நொதிகள் மாற்றிய பின்னரே அம்மருந்து தொழில் செய்யும். அவற்றுள் தலையாய ஒன்றன் மரபணு பிறவியிலேயே குறைபட்டோர் தமிழரிடை ஐரோப்பியரினும் மிகுதியென்பது, புதுவை ஜிப்மர் ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்ட முடிபு. அன்னார்க்கு மருத்துவர் வேறு மருந்து தெரிந்து கொடுத்தல் கூடும்.

நிற்க. கல்வராயன் மலையின் வெள்ளிமலையினின்று மாத்திரைக்கெனக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கின் ஒருநாட் கூலி போயிற்று. வலியில்லையே, அடுத்த வாரம் பார்ப்போமென்பர். குழாய் பொருத்திய முதற் சில திங்களில் அவ்விடைவெளியே குருதியை உறைவிக்கக்கூடும். மருந்து பலியாவிடின் குறை மரபணுவிலோ, உண்ணாத மாத்திரையிலோ? முன்னதற்குச் சோதனை உண்டு; பின்னதை நோயாளியே சொல்லவேண்டும். வைவாரென்றஞ்சி மறைப்பவர்க்கு வேண்டாத வலிய மருந்து எழுதப்படலாம். அதனாற் குருதிப்போக்கும் நேரலாம்.