பி.டி. பீரியடில் பைக்குக் காவல்

விளையாட்டு மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை மட்டும் வகுப்பறையில் இருந்து எல்லோர் பைக்கும் காவல் காக்கும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. 'விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?' என்ற பயம்தான். இப்படி ஏழெட்டு வருடம் உட்கார்ந்த பிள்ளை பதினாறு வயதில் 'எனக்கு விளையாட்டு பிடிக்காது' என்று சொன்னால், அதை அதன் சுபாவம் என்று எழுதிவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை

● பிள்ளையிடமே கேளுங்கள். பேச்சு குழறுவது வாய்த் தசையின் சிக்கல், அறிவின் சிக்கல் அல்ல. பதிலுக்குக் காத்திருங்கள். அம்மா பக்கம் திரும்பி 'இவனுக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்பதை விடுங்கள்.

● பிசியோ வேறு, விளையாட்டு வேறு. பிசியோ மருந்து மாதிரி. விளையாட்டு தின்பண்டம் மாதிரி. மருந்தையே தினமும் மூன்று வேளை பரிமாறிவிட்டு 'ஆர்வமே இல்லை' என்று குறைபட முடியாது.

● போச்சா விளையாடிப் பாருங்கள். பெயரைக் கேட்டு 'என்ன போச்சா?' என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வெள்ளைப் பந்துக்கு அருகில் ஒரு பக்கம் ஆறு சிவப்புப் பந்துகளையும், எதிர்ப்பக்கம் ஆறு நீலப் பந்துகளையும் கொண்டுசேர்க்கும் ஆட்டம் இது; கோலி ஆடியவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. கையால் எறிய முடியாதவர் சரிவுப் பலகையில் பந்தை உருட்டலாம். அந்தப் பலகையைச் சரிசெய்து தரும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. யோசிப்பது முழுக்க ஆடுபவர் வேலை. வீட்டிலும் இந்த விதியை அமல்படுத்தலாம்!

● களைப்பைக் கணக்கில் எடுங்கள். தசை இறுக்கத்தோடு நடக்கும் பலருக்கு, மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகும். ஒரேயடியாக அரை மணி நேரம் வேண்டாம். ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் வார சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடல் இயக்கம் வேண்டும் என்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கொஞ்சம் அசைந்தாலும் லாபமே என்றும் அதே ஆவணம் சொல்கிறது.

● வளரும் வயதில், காலைத் தாங்க மாட்டும் காலிப்பரை அடிக்கடி பாருங்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீள்வதில்லை. பத்து வயதில் நன்றாக நடந்த பிள்ளை பதினாலில் முழங்கால் மடங்கி நடப்பது சோம்பலால் அல்ல. காலிப்பரைக் கழற்றி அரை மணி நேரமாகியும் தோலில் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால் அளவு தப்பிவிட்டது.

● புறப்படுமுன் கழிப்பறையை விசாரியுங்கள். வெளியே போனால் கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் போய் 'ஏன் மைதானத்துக்கு வரவில்லை?' என்று கேட்கிறோம். பாதை இல்லாததும் அப்படித்தான். 2022 நவம்பரில் மெரினாவில் மரப்பாதை திறந்தபோது, சக்கர நாற்காலியில் அலை அருகே போனவர்களுக்கு உடம்பு ஒன்றும் மாறிவிடவில்லை, மணல்மேல் பலகை வந்தது.

செய்யக்கூடாதவை

● 'நடந்தால்தான் வெற்றி' என்று நினைக்காதீர்கள். மைதானம் வரை சக்கர நாற்காலியில் போனால், அங்கே ஆட சக்தி மிஞ்சும். வாசலிலிருந்தே நடக்கவைத்தால் ஆட்டம் தொடங்குமுன் பிள்ளை சுருண்டுவிடும்.

● எடை தூக்கினால் இறுக்கம் கூடும் என்ற பழைய பேச்சை நம்பித் தடுக்காதீர்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. பிசியோவிடம் கேட்டுத் தொடங்கலாம்.

● வலியை 'இதெல்லாம் பழகிவிடும்' என்று தள்ளாதீர்கள். இடுப்பு மூட்டு மெல்ல விலகுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

● வலிப்பு உள்ளவரைத் தண்ணீரில் தனியே விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட.

● 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வென்ற பிரீத்தி பாலைக் காட்டி, 'அந்தப் பொண்ணால முடியுது, உனக்கென்ன?' என்று குத்தாதீர்கள். அவர் ஓட்டத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், போதும்.

● இரக்கத்துக்காக ஜெயிக்கவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

● பதினெட்டு வயதானதும் நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கான மையங்களின் கதவு அப்போது மூடும். தசை அதற்கென்று இறுகாமல் இருக்காது. பதினாறிலேயே, பெரியவர்களைப் பார்க்கும் பிசியோ யார், வீட்டுப் பக்கத்தில் சரிவுப்பாதை உள்ள ஜிம் எது, துணைக்கு வரக்கூடிய நண்பன் யார் என்று தேடத் தொடங்குங்கள். நண்பன் கிடைப்பதுதான் கடினம். பை காக்கவைத்த வருடங்களில் கிடைத்திருக்க வேண்டியவன் அவன்.