கரையிலேயே பேசி முடியுங்கள்

கேள்வி: இறால் வாங்கி ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்பும் சிறு நிறுவனம் எங்களுடையது. மூன்று கம்ப்யூட்டர், ஏழு பேர். கம்ப்யூட்டர் முடங்கினால் என்ன செய்வது என்று திட்டம் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு சிறிய இடத்துக்கு அது தேவையா?
- வாசகர், பழவேற்காடு

பதில்: கட்டாயம் தேவை. அதன் அடிப்படை உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. பழவேற்காடு ஏரியில் தலைமுறைகளாக நடந்துவரும் பாடு முறையில், யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பது கரையிலேயே முடிவாகிவிடுகிறது. தண்ணீரில் இறங்கிய பிறகு வாதாடினால் வலையும் போகும், உறவும் போகும் என்பதை அனுபவித்து உணர்ந்தவர்கள் வகுத்த ஒழுங்கு அது. கம்ப்யூட்டருக்கான திட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது. பதற்றத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளை நிதானத்தில் எடுத்து வைக்கிறது.

'எங்களை யார் குறிவைக்கப் போகிறார்கள்?' என்று தோன்றலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருளான வானாக்ரை, 2017 மே மாதம் பரவியபோது யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்ட திருத்தத்தைப் போடாத கம்ப்யூட்டர்களுக்குள் தானாகவே புகுந்தது. 'பெரிய இடங்களில் நிபுணர்கள் இருக்கிறார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள்?' என்பது அடுத்த தயக்கம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, நோயாளிகளின் பதிவைப் பல நாட்கள் கையால் எழுதித்தான் சமாளித்தார்கள். நிபுணர்கள் வேலை செய்து முடிக்கும்வரை நிறுவனத்தை ஓட்டுவது பேப்பரும் பேனாவும்தான். அது உங்களாலும் முடியும்.

ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டருக்குள் மட்டும் வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முடிவெடுப்பவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பது முதல் வரி. சந்தேகம் வந்த கம்ப்யூட்டரில் நெட் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணைக்க வேண்டும். திரையில் வந்த செய்தியைப் போனில் படம் எடுக்க வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. கணக்கின் நகலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்ததும் அதைக் கழற்றி, வெள்ளம் எட்டாத வேறு வீட்டில் வையுங்கள். செருகியே வைத்த நகலும் பூட்டப்படும். நீங்கள் பணம் கொடுக்க வேண்டியவர் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் அனுப்பினால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அந்த அமைப்பின் முகவரியும் தாளில் இருக்கட்டும்.

எழுதியதோடு நிறுத்தாதீர்கள். ஒரு காலை மூன்று கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, இறாலை எடைபோட்டு, பில் எழுதி, வண்டியை அனுப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் கை தடுமாறுகிறதோ, அதுதான் தாளில் அடுத்து எழுத வேண்டிய வரி.