மருந்தும் மனையும்

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணப் புகுந்த வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நிறுத்தினாரில்லை. அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் நான்காமவராகச் சேர்த்தார். அந்த நான்காமவர் நம் இல்லங்களில் பெரும்பாலும் தாயோ மனைவியோதான்.

காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்துவிடலாம். முப்பது ஆண்டுகள் கொடுப்பதெப்படி? நீரிழிவும் மனநோயும் இத்தகைய நெடும் பிணிகள். வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் மருந்தை முறையாக உட்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

ஏன் நிறுத்துகிறார்கள்? இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பது பல வேளைகளில் உடலுக்கே தெரிவதில்லை. வலிக்காத நோய்க்கு மருந்தெதற்கு என்று தோன்றுவது இயல்பே. மனச்சிதைவு நோயிலோ, தமக்கு நோய் உண்டென்னும் உணர்வே பலருக்கு மங்கிவிடுகிறது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் கேட்பது பிடிவாதமன்று, அதுவும் நோயின் ஒரு கூறே. மேலும், மருந்தை விட்ட மறுநாளே நோய் திரும்பிவிடுவதில்லை. சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட நலமாகவே கழியலாம். அந்த இடைவெளிதான் வீட்டாரையும் சேர்த்து ஏமாற்றிவிடுகிறது.

மாத்திரையை எடுத்துக் கொடுப்பதோடு வீட்டார் பணி முடிவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் உண்டாகும். நினைவோடிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அமாவாசை விரதமானாலும் மருத்துவரைக் கேட்டே இருக்கவேண்டும். இன்னொன்று பலர் அறியாதது: மனநோய்க்குத் தரப்படும் ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. ஆகவே இரு நோய்களும் ஒரே உடலில் குடியேறுவது அரிதன்று. அதற்கஞ்சி மருந்தை நிறுத்திவிடாமல், அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்துவரச் செய்யவேண்டும்.

இனி, மருந்தைச் சாம்பாரிலோ பாலிலோ மறைத்துக் கலந்து கொடுக்கும் வழக்கம். வேறு வழியறியாத தாயின் தவிப்பு நமக்குப் புரியாததன்று. ஆனால், "உணவில் ஏதோ கலக்கிறார்கள்" என்று ஐயுறுவதே அந்நோயின் இயல்பு. ஒருநாள் உண்மை வெளிப்பட்டால் ஐயம் மெய்யாகிவிடுகிறது. பிறகு அவள் கையால் சோறும் வாங்கமாட்டார். பாதி குடித்துவிட்டு வைத்த பாலில் எவ்வளவு மருந்து உட்சென்றதென்றும் தெரியாது. இதைவிட, நிலைமையை மருத்துவரிடம் சொல்லி, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா எனக் கேட்பது மேல்.

கொடுக்கும் முறையும் மருந்துக்கு நிகரானது. ஓயாது குறைகூறும் இல்லங்களுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளிடம் நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதி என்று, 1972இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று காட்டியது. "மாத்திரை போட்டாயா?" என்னும் அதே கேள்வி ஒரு வீட்டில் பரிவாகவும் மற்றொரு வீட்டில் காவலாகவும் ஒலிக்கிறதல்லவா?

குடும்பத்தைப் பிரித்துவைத்துப் பயனில்லை என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அவ்வழியே குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தது. மருந்தின் பயனையும் பக்கவிளைவையும் அவர்கள் கண்ணெதிரே கற்றுக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள்.