மாலையைக் கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்தால் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் கறுப்பு வேட்டிகள் பெருகிவிடும். தீபாவளி முடிந்து பல பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் நேரம் அது. வருசம் முழுக்கக் குடித்தவர் மாலை போட்டதும் ஒரு சொட்டு தொடமாட்டார். சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நிற்பார். வீட்டுக்காரம்மா கேட்பதில் தப்பே இல்லை: "சாமிக்காக 48 நாள் இருக்க முடியுதுல்ல, எங்களுக்காக இருக்க முடியாதா? இதப் போயி நோயிங்கிறாங்க!"

"வைராக்கியம் இருந்தா போதும், கூட்டம் கீட்டம் எதுக்கு?"

அந்த 48 நாளில் அவருக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை, தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி, "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடும் தெரு. கூடவே மாலை போட்ட பத்துப் பேர். மாலையோடு சேர்ந்து அத்தனையும் கழன்றுபோகிறது. அவரைத் தாங்கியது வைராக்கியம் மட்டுமல்ல, அந்தக் கூட்டமும்தான். குடிநோயில் நிறுத்துவதைவிட நிறுத்தியபடியே இருப்பதுதான் பெரும்பாடு.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. முடிவுத் தேதி இல்லாத விரதம் என்று சொல்லலாம். ஆனால் குடிநோயாளிகள் கூடிப் பேசும் ஏஏ கூட்டத்தில் சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருந்தால் போதும், நாளையை நாளைக்குப் பார்க்கலாம். குருசாமிக்குப் பதில் 'ஸ்பான்சர்': முன்பே நிறுத்திய ஒருவர், கை பரபரக்கும்போது போன் போட.

பலன் உண்டா? 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் 10,565 பேரைப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில், ஏஏ வழிக்குக் கொண்டுசேர்க்கும் முறையான சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன.

ஓர் எச்சரிக்கை. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர் கூட்டத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம்; அதையடுத்து இல்லாததைப் பார்த்துப் பேசும் குழப்பம் வரலாம், உயிரும் போகலாம். அறையில் வைத்துப் பூட்டுவது வைத்தியம் ஆகாது.

"தெரியாம காபியில கலந்து குடுத்துட்டா வெறுத்துருவாரு"

பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் இந்த விளம்பரத்தைப் பார்க்காதவர் உண்டா? அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் சாராயம் போனதும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். நல்ல மருந்துதான், ஆனால் டாக்டர் சொல்லி, சாப்பிடுகிறவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டியது.

"ஏஏ கூட்டம் மதம் மாத்துற இடம்"

பல ஊர்களில் கூட்டம் சர்ச் வளாகத்திலோ கிறிஸ்தவப் பள்ளியிலோ நடப்பதால் வந்த சந்தேகம். ஏஏயின் வேர் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தில் இருப்பதும் உண்மை. ஆனால் ஏஏ எந்த மதத்தோடும் கட்சியோடும் சேராது. அதன் மீட்பு வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அவரவர் புரிந்துகொண்ட கடவுளாக. இருக்கன்குடி மாரியம்மனை நினைத்துக்கொண்டும் உட்காரலாம். கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசில்தான் டீச் செலவும் வாடகையும்.

"ஊருக்கே தெரிஞ்சுரும், வேலையும் போயிரும்"

ஊருக்குத் தெரியாதென்று நினைப்பது குடிப்பவர் மட்டும்தான். கூட்டத்தில் பெயரை மட்டும் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள். எந்த ஆட்கள், எந்தத் தெரு என்ற பேச்சு இல்லை. நம் ஜில்லாவில் அதுவே ஓர் அதிசயம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாதென்பது வழக்கம். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கலாம். அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்? கூச்சம் தீராதவர் மதுரைக் கூட்டத்துக்கு பஸ் ஏறலாம்.

வேலையைப் பற்றி: 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் போதையில் இருப்பவரை வெடிபொருள் வேலையில் அனுமதிப்பதில்லை. ராத்திரி குடித்தது இறங்காமல் வெடிமருந்து ரூமுக்குள் போகிறவருக்குத்தான் ஆபத்து, அவரோடு உட்கார்ந்திருப்பவருக்கும். ஏஏ வருகைப் பதிவேடு வைத்து ஃபோர்மேனுக்கு அனுப்புவதில்லை.

"நம்ம பக்கம் அதெல்லாம் எங்க இருக்கு?"

2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். எங்கே கேட்பது என்று தெரியாததும் ஒரு காரணம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. சம்பள நாளான சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கால் இழுப்பது அந்த நேரத்தில்தான்.

"அவரு வரமாட்டேங்கிறாரு, நான் என்ன செய்ய?"

நீங்கள் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்றே 1951இல் தொடங்கியது அல்-அனான். அங்கே அவரைத் திருத்தும் வழி சொல்லித்தரமாட்டார்கள். அவர் பையைத் துழாவுவதையும், பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதையும், "காய்ச்சல், வேலைக்கு வரல" என்று ஃபோர்மேனிடம் பொய் சொல்வதையும் நிறுத்திய பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலருடைய வீட்டுக்காரர் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருப்பார்.