பிறவிக் கண்புரை: காத்திருக்கக் கூடாத வாரங்கள்

பிறந்த குழந்தையின் கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால், "கண்ணில் பூ விழுந்திருக்கு" என்பார்கள். பெரும்பாலும் அது பிறவிக் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கருவிலேயே மங்கிப்போயிருக்கிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவது நோய் பற்றிய கதைகள்தான். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கர்ப்பமாக இருந்தபோது கிரகணம் பட்டுவிட்டது

கிரகணத்துக்கும் கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிறவிக் கண்புரை மரபணு வழியாக வரலாம். கர்ப்பத்தில் தாய்க்கு வந்த தொற்றால் வரலாம். வளர்சிதை மாற்றக் கோளாறால் வரலாம். பல குழந்தைகளுக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை. மரபணு என்றால் அது அப்பா வழியிலும் வரும். ஆனாலும் "நீ என்ன செஞ்சே?" என்ற கேள்வி எப்போதும் மருமகளை நோக்கித்தான் வருகிறது. பச்சை உடம்போடு இருக்கும் பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. மருத்துவப்படியும் தவறான கேள்வி.

தொற்றுகளில் முக்கியமானது ரூபெல்லா. பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வந்தால் கருவின் கண், காது, இதயம் மூன்றையும் பாதிக்கக்கூடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்தான் இந்தத் தொடர்பை முதலில் எடுத்துச் சொன்னார். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியது. அன்று 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அந்த வயதைத் தாண்டியிருந்து, ஊசி போட்டோமா இல்லையா என்றே தெரியாத பெண்கள் கருத்தரிக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட மாட்டார்கள்.

நம்பிக்கை: தாய்ப்பால் விட்டால் சரியாகும்

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் உள்ளே இருக்கும் லென்ஸைத் தெளிவாக்காது. கிருமி சேர்ந்தால் கண்ணின் மேற்பரப்பும் கெடும். பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாய் தாராளமாகச் சாப்பிடலாம். புரை அதனால் கரையாது.

நம்பிக்கை: பச்சைக் குழந்தைக்கு ஆபரேஷனா? கொஞ்சம் வளரட்டும்

மிக அதிகமான கெடுதலைச் செய்வது இதுதான். காரணம், கேட்பதற்கு இது மூட நம்பிக்கை போலவே இருக்காது. அக்கறையான பாட்டியும் சொல்வார், படித்த பெரியப்பாவும் சொல்வார்.

தாத்தாவின் கண்புரைக்கு ஆறு மாதம் தள்ளி அறுவை செய்தாலும் பார்வை திரும்பும். அவர் மூளை பார்க்கக் கற்று அறுபது வருடம் ஆகிவிட்டது. குழந்தையின் மூளை இப்போதுதான் கற்கிறது. விஞ்ஞானிகளான ஹூபெலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடித் தைத்துவைத்து, சில மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது அப்படி ஆகவில்லை. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அதனால்தான் ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை இருந்தால் ஏறத்தாழ 6 வாரத்துக்குள்ளும், இரண்டு கண்ணிலும் இருந்தால் 8 வாரத்துக்குள்ளும் அறுவை செய்யப் பார்க்கிறார்கள். மயக்க மருந்தைப் பற்றிய பயம் நியாயமானதே. அதை டாக்டரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். பயத்துக்காக நாளைத் தள்ளாதீர்கள். புரை மிகச் சிறிதாக, ஓரத்தில் இருந்தால் கண்காணித்தால் போதும் என்று டாக்டரே சொல்வதுண்டு. அந்த முடிவை அவர் எடுக்கட்டும்.

நம்பிக்கை: ஆபரேஷன் முடிந்தது, கவலை விட்டது

பெற்றோரின் உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் செயற்கை லென்ஸை உடனே பொருத்துவதில்லை. தடித்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தருவார்கள். கண் வளர வளரப் பவர் மாறும். ஒரு கண் பலவீனமாக இருந்தால் நல்ல கண்ணின் மேல் தினமும் சில மணி நேரம் பேட்ச் ஒட்ட வேண்டும். குழந்தை பிய்த்து எறியும், அழும். 'இவ்வளவு கஷ்டப்படுத்தணுமா' என்று தாத்தா கேட்பார். ஒட்டாமல் விட்ட கண் மந்தமாகவே நின்றுவிடும் என்பதுதான் பதில். விளையாட்டு நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் ஒட்டினால் கொஞ்சம் எளிது. இதை அம்மா ஒருத்தியின் தலையில் கட்டுவது அநியாயம். அப்பாவும் பேட்ச் ஒட்டப் பழக வேண்டும். லென்ஸ் மாட்டவும் பழக வேண்டும்.

அறுவைக்குப் பல வருடம் கழித்தும் கண் அழுத்த நோய் வரலாம். ஆகவே ஆண்டுக்கணக்கில் பரிசோதனை உண்டு. பள்ளியில் 'சோடாபுட்டி' என்று கூப்பிடுவார்கள். வகுப்பாசிரியரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், முன் பெஞ்சையும் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: மாறுகண் அதிர்ஷ்டம்

மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கம் இழுத்தால், அது பார்வை குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். புரையாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பணத்துக்காகத் தயங்க வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் கண்புரை இருக்கிறது, சிகிச்சை இலவசம். குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடமே ஆகும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிரசவ வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே, "குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.